தண்ணீர் படாத கேஜ்

இருபத்திரண்டு வருடமாகச் செய்யாத தவறை ஆர்லிஸ் ட்வெய்ட் அந்த 1996 பிப்ரவரியில் போய்ச் செய்தாள். பள்ளிக்கூடத்துப் பாய்லர் அறையில் வால்வைச் சோதித்தவள், அழுத்தம் அளக்கிற கேஜுக்குள் நின்ற தண்ணீரை வடிக்காமல் வண்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வடக்கு டகோட்டா குளிர் யாருக்காவது தயவு பார்க்குமா? காலையில் பார்த்தால் தண்ணீர் உறைந்து உள்ளே எல்லாம் வெடித்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண்ட அழுக்கும் ரசாயனமும் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி ஏறாமல் தடுக்கிற வால்வுகளைச் சோதிக்கும் லைசென்ஸ் அது. சான்றிதழுள்ள கேஜ் இல்லாமல் புதுப்பிக்க மாட்டார்கள். ரிப்பேருக்கு மூன்று வாரம் என்றார்கள். தேதி தப்பினால் வகுப்பு, பரீட்சை எல்லாம் முதலிலிருந்து, அதுவும் ஜூனில்தான். கணவன் ஓரினுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான்.

காபிக் கடையில் கார்வின் பேக்கன் சிரித்தான். அவனும் அதே தொழில்தான். வருடத்துக்கு நானூறு வால்வுக்கு அறிக்கை கொடுக்கிறவன்.

"என்னம்மா ஆர்லிஸ், ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ நீயே கேஜை ஐஸ் போட்டுட்டியாமே?"

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத, கார்வின்."

"கோவிச்சுக்காத. நான் புதுசு வாங்கிட்டேன், பழசை நீ எடுத்துக்க. போன மாசம்தான் சர்டிபிகேட் வாங்கினது. உன் பேருக்கே எழுதித் தர்றேன். காசெல்லாம் வேணாம்."

இவனையா இத்தனை நாள் திட்டினோம் என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டில் பெட்டியைத் திறந்தாள். கேஜை வால்வோடு இணைக்கிற மூன்று ரப்பர் குழாய்களின் முனையிலும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. மூடியைச் சுற்றிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. சான்றிதழ் கொடுக்கிறவர்கள் தங்கள் குழாயை மாட்டித்தான் பார்ப்பார்கள். பெட்டியில் இருந்த ஐந்து வருடச் சான்றிதழிலும் ஒரே வாசகம்: திருத்தம் தேவையில்லை. எப்படித் தேவைப்படும்? வேலையில் ஒரு சொட்டுத் தண்ணீராவது பட்டிருந்தால்தானே. பாவி, வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டாயிரம் அறிக்கை எழுதியிருக்கிறான். அதில் ஓரின் போகிற டயாலிசிஸ் நிலையமும் ஒன்று. டயாலிசிஸ் மெஷின் கழுவுகிற மருந்து குடிநீரில் கலக்காமல் நிற்பது அங்கே உள்ள அந்த ஒரு வால்வால்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் தண்ணீர் அலுவலகத்தில், லைசென்ஸ் கொடுக்கிற மார்லா இருந்தாள்.

"ஒருத்தன் சோதிக்காமலே அறிக்கை குடுக்கறான்னு புகார் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"ஆதாரம் இருக்கா?"

ஆர்லிஸ் பெட்டியைத் திறந்து மூடிகளைக் காட்டினாள். மார்லாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"புகார் எழுதினா இதை சீல் வெச்சு எடுத்துக்குவோம். விசாரணைக்கு ஆறு மாசமாவது ஆகும். உங்க லைசென்ஸுக்கு அப்புறம் எதைக் காட்டுவீங்க?"

"லைசென்ஸை முதல்ல குடு. திங்கக்கிழமை வந்து எழுதறேன்."

"லைசென்ஸ் வேணும்னா இந்தக் கேஜை இதே குழாயோட இங்க இருக்கற வால்வுல மாட்டி எனக்குச் சோதிச்சுக் காட்டணும். அப்புறம் மூடி எங்க, ஆதாரம் எங்க?" மார்லா கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். யோசிச்சுக்குங்க."

நாலே முக்கால் வரை ஆர்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, நகத்தால் டேப்பைக் கிழித்தாள். பழைய டேப், லேசில் வரவில்லை. மூன்று மூடிகளையும் குப்பைக்கூடையில் போட்டாள். அந்தக் கேஜுக்குள் முதன்முதலாகத் தண்ணீர் ஏறியது; முள் சரியான இடத்தில் நின்றது. மார்லா முத்திரை குத்தினாள்.

மறுநாள் டயாலிசிஸ் நிலையத்து மேனேஜரிடம் போனாள்.

"உங்க வால்வைச் சும்மாவே சோதிச்சுத் தர்றேன்."

"கார்வின்தான் நவம்பர்லயே பாஸ்னு குடுத்துட்டாரே. தொழில் போட்டியை இங்க கொண்டு வராதீங்கம்மா."

உள்ளே ஓரின் நாற்காலியில் சாய்ந்திருந்தான். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாதென்று நர்ஸ் ஒரு கப்பில் ஐஸ் துண்டுகள் கொடுத்திருந்தாள், அந்த நிலையத்துக் குழாய்த் தண்ணீரை உறைய வைக்கிற ஐஸ் மெஷினிலிருந்து எடுத்தவை.

"லைசென்ஸ் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

ஓரின் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தான். கப்பைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் ஏன் என்று கேட்பான். அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அவன் அடுத்த துண்டை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.