செங்காய் டீச்சர்

அமலி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, சட்டியில் போட வேண்டும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாகக் கைக்கு வந்துவிடும். அப்போதுதான் தெருமுனையில் கீபோர்டு வாத்தியார் வண்டி திரும்பியது.

அந்தத் தெருவுக்கு எல்லாமே வண்டியில்தான் வரும். விடிந்ததும் மீன், வெயில் ஏறினால் உப்பும் கோலமாவும். வாத்தியார் வண்டி எப்போதாவதுதான் வரும். தள்ளுவண்டியில் ஈரச்சாக்கு விரித்து, அதன்மேல் வாத்தியார்களை உட்கார வைத்து, வாடிவிடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேச்சித்தாய் தள்ளி வருவாள். "கீபோர்டு வாத்தியாரே, நயம் வாத்தியாரே, தட்டிப் பாத்து எடுக்கலாம்" என்று வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே வரும்.

போன தடவை அமலி கதவுக்குப் பின்னால் நின்று, கூப்பிடலாம் கூப்பிடலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். அவளுக்குத் தெருவில் குரல் எழுப்பிப் பழக்கமில்லை. மாதா கோயில் குலுக்கலில் அவள் பெயருக்கு விழுந்த கீபோர்டு, உறை பிரிக்காமல் பீரோ மேலேயே கிடந்தது. கோயிலில் எல்லாரும் பாடும்போது அமலி வாயை மட்டும் அசைப்பாள். வாய்க்குப் பதிலாக விரல் சத்தம் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு ஓர் ஆசை. இதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

எதிர்வீட்டில் இருக்கும் ஜாய்ஸ் மைனி, புருஷனின் அக்காள், தீர்த்துச் சொல்லியிருந்தாள். "இந்தத் தடவையும் வாத்தியார் எடுக்கலன்னா கீபோர்டு எங்க வீட்டுக்கு வந்துரும், பாத்துக்கோ. எம் மவ வாசிப்பா. பீரோ மேல வச்சு அழகு பாக்கதுக்கா மாதா உனக்குக் குடுத்தாங்க?"

ஒலிபெருக்கிச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அமலி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அதனால் மீன் கையோடு போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"ஒரு குரல் குடுத்தா நிக்க மாட்டனா? சக்கரத்துல வந்தா விழணும்?" என்றாள் பேச்சித்தாய். "வீட்டுக்கா, விசேஷத்துக்கா?"

"வீட்டுக்கு."

"யாரு படிக்க? பிள்ளையா?"

பிள்ளை இன்னும் தொட்டிலில்தான் கிடந்தது. அமலி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது.

"தொடக்கமா? அப்ப அவசரப்படாம எடு, தாயி."

அதற்குள் ஜாய்ஸ் மைனியும் வந்துவிட்டாள். அவளுக்கு யார் எதை வாங்கினாலும் கூட நின்று பார்க்க வேண்டும்.

முதலில் இருந்தவர் நன்றாகப் பழுத்த வாத்தியார். பக்கத்தில் போனாலே வாசனை தூக்கியது. அமலி புறங்கையால் தோளை லேசாகத் தொட்டாள். தொட்ட இடம் குழிந்தது. சாக்கில் ஒரு கீர்த்தனை சொட்டியது.

"இன்னைக்குத் தொடங்கினா நாளைக்குள்ள முடிச்சிரணும்மா," என்றார் அவர், மிகவும் தன்மையாக. "அதுக்கு மேல நான் தாங்க மாட்டேன்."

"கல்யாண வீட்டுக்குன்னா இவரைத்தான் குடுப்பேன்," என்றாள் பேச்சித்தாய். "ஒரே நாள்ல அம்புட்டும் செலவாயிரும்."

கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரே நாளில் அம்புட்டையும் செலவழிக்க முடியாது. அமலி அடுத்தவரிடம் போனாள்.

அடுத்தவர் பளீரென்று மஞ்சளாக இருந்தார். ஒரு புள்ளி, ஒரு தழும்பு கிடையாது. ஜாய்ஸ் மைனிக்குப் பார்த்ததும் பிடித்துப் போயிற்று. "இவரை எடு. என்னா நிறம் பாரு!"

"கொஞ்ச நாள்ல மேடை ஏத்திருவேன்," என்றார் மஞ்சள் வாத்தியார். "சர்டிபிகேட்டு உண்டு."

மேடை என்றதும் அமலியின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. வாத்தியார்களுக்குப் பிடரிதான் காம்பு. அவள் அங்கே முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லை. தட்டினாள். டொக் என்றது.

"கல்லு வச்சுப் பழுக்க வச்சதா?" என்று பேச்சித்தாயின் காதோரமாகக் கேட்டாள். பேச்சித்தாய் ஒலிபெருக்கியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"ஆமா, கல்லு வச்சதுதான்," என்று அவரே சொல்லிவிட்டார். "மேலே மட்டும்தான் நிறம். உள்ளே போனா கட்டைவிரல் எங்கே வைக்கணும்னே எனக்குத் தெரியாது."

"பேச்சு மட்டும் கொறச்சலில்ல," என்று ஜாய்ஸ் மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாக்கின் ஓரத்தில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதோரம் இன்னும் பச்சை மாறவில்லை.

"அது செங்காய், பாதிதான் பழுத்திருக்கு," என்றாள் பேச்சித்தாய். "எஸ்தர்னு பேரு. நாலு பாடத்துக்கு மேல அதுக்கே தெரியாது."

அமலி தட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரே ஒரு சுரம் வந்தது. சின்னதுதான். ஆனால் பிசிறில்லை.

"நாலாவதுலயும் கொஞ்சம் தடுமாறும்," என்றாள் எஸ்தர் டீச்சர், குனிந்தபடியே. "நான் தடுமாறினா நீங்க திட்டக் கூடாது."

அமலி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான் ஒண்ணாவதுலயே தடுமாறுவேன் டீச்சர். அஞ்சாங்கிளாசோட நின்னவ நான்," என்றாள். அந்தத் தெருவில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்றாள் ஜாய்ஸ் மைனி. "அஞ்சாவது பாடத்துக்கு எங்க போவ? காயெல்லாம் வாத்தியாருன்னு நான் ஒத்துக்க மாட்டேன். போயி கீபோர்டை எடுத்துட்டு வா."

அமலி எஸ்தர் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரிசியில போட்டா பழுத்துரும், மைனி."

அதற்கு யாரும் எதிர்ப்பேச்சு பேச முடியாது. ஜாய்ஸ் மைனி டீச்சரை மேலும் கீழும் கண்ணால் அளந்தாள்.

"உங்க வீட்டு அரிசி டிரம் சின்னதுல்லா?"

"நான் காலை மடக்கி உக்காந்துக்கிடுவேன்," என்றாள் எஸ்தர் டீச்சர்.

"சரி. நாலு பாடம் முடியதுக்குள்ள பழுக்கணும். பழுக்கலன்னா கீபோர்டு எனக்கு."

விலை படிந்தது. கொசுறாக ஒரு கை கறிவேப்பிலையும், தாளம் போட ஒரு குட்டி ஆளும் தருகிறேன் என்றாள் பேச்சித்தாய். கறிவேப்பிலை மட்டும் போதும் என்று அமலி சொல்லிவிட்டாள்.

எஸ்தர் டீச்சர் கழுத்து வரைக்கும் அரிசிக்குள் உட்கார்ந்தாள். கீபோர்டை டிரம்மின் வாயில் குறுக்கே வைத்தார்கள். கையை மட்டும் வெளியே எடுத்து அவள் சொல்லிக்கொடுத்தாள். முதல் பாடத்தில் அமலி தடுமாறினாள். நெத்திலி ஆயும் வேகத்தில் விரல் ஓடிவிடும். "மெதுவா. இதுக்கு முள்ளு கிடையாது," என்பாள் டீச்சர். உலை வைக்கும் நேரத்தில் அமலி, "கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க டீச்சர்," என்று சொல்லி அரிசி அளந்துகொள்வாள். பாடம் முடிந்தால் கீபோர்டை எடுத்துவிட்டு, காற்றுப் போக இடம் விட்டு, டிரம்மைச் சாக்கால் மூடிவிடுவாள். புருஷன் வேலைவிட்டு வந்ததும் சாக்கை விலக்கி, "பழுத்திட்டீங்களா டீச்சர்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவான்.

நாலாவது பாடத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள். நிறுத்தினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடி அதே இடம். யாரும் யாரையும் திட்டவில்லை. டீச்சருக்கு இன்னும் காதோரம் பச்சை இருந்தது. எதிர்வீட்டில் கீபோர்டு வைக்க ஜாய்ஸ் மைனி மேசையைக்கூடத் துடைத்துப் போட்டுவிட்டாள். அமலி அன்று டிரம்முக்கு மேல் இன்னொரு சாக்கும் போட்டாள்.

மறுநாள் சாக்கை எடுத்ததும் வீடு முழுக்க வாசனை. டீச்சர் கண்ணைத் திறந்து, அந்த இடத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். தடுமாறவில்லை. பின்னாலேயே அமலி வாசித்தாள். அவளும் தடுமாறவில்லை.

வாசனை பிடித்துக்கொண்டு ஜாய்ஸ் மைனி வந்தாள். டீச்சரின் தோளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். பதமாக அமுங்கியது.

"பழுத்துட்டு," என்றாள். போகிறவள் வாசலில் நின்று, "எம் மவளையும் அனுப்பட்டா?" என்றாள்.

"அனுப்புங்க மைனி. அரிசி மட்டும் கொஞ்சம் குடுத்து விடுங்க. டிரம்முல இறங்கிட்டு."

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஐந்தாவது பாடத்தைத் தொடங்கினார்கள். இடது கையும் சேர வேண்டிய பாடம். அமலியின் இடது கை முதலில் ஒதுங்கி நின்றது. பிறகு ஒரு கட்டையைத் தொட்டது. பிறகு இன்னொன்று. இரண்டு கையும் ஒன்றாக நடக்கத் தொடங்கியதும் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. வாசல் கதவு திறந்து கிடந்ததையும், அது வழியாக ஏதோ வெளியே நழுவியதையும் பார்க்கவில்லை.

"ஏட்டி அமலி!" எதிர்வீட்டிலிருந்து ஜாய்ஸ் மைனி சத்தம் போட்டாள். "உங்க வீட்டு மத்தியானம் எங்க வாசல்ல வந்து படுத்துக் கிடக்கு! எங்க மத்தியானத்துக்கு இடமில்லாம அது ஓரமா நிக்குது. வந்து கூட்டிட்டுப் போ!"

அமலி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"மெதுவா பத்திட்டு வாங்க," என்றாள் டீச்சர். "மிரண்டுச்சுன்னா இருட்டிரும்."

அமலி வாசலுக்குப் போய், தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "இந்தா வாரேன் மைனி! கயிறு கொண்டு வரணுமா, இல்ல சும்மா கூப்பிட்டாலே வந்துருமா?"