தார் ரோட்டில் இட்ட முட்டைகள்

செருப்புக்கடியில் ஏதோ பொரபொரவென்று நொறுங்கியது. கண்ணாடியக்கா குனிந்து பார்த்தாள். பாலத்து ரோடு முழுக்க ஒருநாள் பூச்சிகள். பாதி செத்துக் கிடந்தன, பாதி துடித்துக்கொண்டிருந்தன. புதிதாகப் போட்ட தார்மேல், புதிதாக நட்ட விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில், ஈர இலை ஒட்டினாற்போல ஒட்டிக் கிடந்தன. ஒரு கார் வந்து அவற்றின்மேல் ஏறிப் போயிற்று. ஓட்டியவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அவள் கையிலிருந்த தூண்டிலைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. தெருவில் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். வேலை விட்டால் அவளுக்கு ஆறு. மண்புழு மாட்டி மீன் பிடிப்பவள் அல்ல. நூலையும் இறகையும் கொக்கியில் சுற்றிப் போலிப் பூச்சி கட்டி, அதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டுப் பிடிப்பவள். அதற்கு எந்தப் பூச்சி எங்கே எழும் என்று தெரிய வேண்டும். குளிர்காலக் காலைகளில் ஆலையின் இளஞ்சூட்டுத் தண்ணீர் வந்து விழும் மூலையில் கொசு போன்ற கறுப்புப் பூச்சிகள் எழும். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும் புழுவைப் பார்க்க, மேலே தண்ணீர் சலசலக்கும் இடத்தில் கல்லைப் புரட்ட வேண்டும். பார்த்தபின் கல்லை முன்பு இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வர வேண்டும். அதில் மட்டும் அவள் மிகவும் கண்டிப்பு.

ஆனால் அவள் மனசுக்குப் பிடித்தது, பாலத்துக்குக் கீழே ஆறு வளைந்து சேறு படியும் இடத்தில் எழும் ஒருநாள் பூச்சிதான். சேற்றுக்குள் நெடுநாள் புழுவாய்க் கிடந்து, ஓர் அந்தியில் சிறகோடு மேலே வந்து, கூட்டமாய் ஆடி, தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துப்போகும். சிறகு முளைத்தபின் தின்னுவதற்கு வாய்கூட அதற்குக் கிடையாது. படைத்தவன் அதற்குக் கொடுத்தது ஒரே ஒரு மாலை. அந்த மாலையைத்தான் யாரோ ரோட்டில் கொட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. விளக்கு நட்டவர் அவளுடைய தங்கை வீட்டுக்காரர், மின்சார ஆபீஸ் லைன்மேன். பாலத்துக்கு விளக்கு வந்தே தீர வேண்டும் என்று ஆபீஸில் ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான்.

போலிப் பூச்சிகள் வைத்திருந்த தகரப் பெட்டியைப் பைக்குள் கவிழ்த்துக் காலியாக்கி, ரோட்டில் கிடந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

தங்கையும் லைன்மேனும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"என்னக்கா, செருப்போட உள்ள வர்றே?" என்றாள் தங்கை.

"உன் வீட்டுக்காரர் செஞ்ச புண்ணியத்தைக் கொண்டு வந்திருக்கேன்." பெட்டியைத் திறந்து லைன்மேன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயையோ, சாப்பிடற இடத்துல!"

லைன்மேன் எட்டிப் பார்த்தார். "என்னக்கா இது, எனக்குத் தொட்டுக்கவா?"

"சிரிக்காதீங்க மாப்பிள்ளை. உங்க விளக்கு வெளிச்சத்துல ரோடு ஆறு மாதிரி மின்னுது. இதுங்க தண்ணின்னு நினைச்சு இறங்கித் தார்மேல முட்டை விடுது. அத்தனையும் காலுலயும் டயர்லயும் போகுது. இப்படியே போனா இந்தப் பூச்சி இந்த ஆத்துல இருக்கவே இருக்காது."

"ரோடு எது ஆறு எதுன்னு தெரியாத பூச்சிக்கு நான் என்ன பண்ண முடியும்? நீங்க மட்டும் நூலைச் சுத்திப் பொய்ப்பூச்சி கட்டி மீனை ஏமாத்தலாம், என் ரோடு ஏமாத்தக் கூடாதா? அதுவும் புடிக்கிறீங்க, திருப்பி ஆத்துல விட்டுடறீங்க. அது ஒரு பொழப்பு!"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்ணாடியக்காவுக்கு நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

"இதுக்கு வாயே கிடையாது, தெரியுமா? அதுக்கும் சேர்த்து உங்களுக்கே கொடுத்துட்டான் போல ஆண்டவன்."

லைன்மேன் கையை உதறி எழுந்தார். "எனக்கு வாய் இல்லாம எப்படி இருக்கும்? போன குளிர்ல என் பொண்ணு அந்தப் பாலத்து நடைபாதைல இருட்டுல கால் தடுக்கி விழுந்து, கால் எலும்பு முறிஞ்சு, யாராவது வருவாங்களான்னு கிடந்தாளே, அன்னிக்கு இந்த ஆத்துக்குப் பரிஞ்சு பேசற வாய் எங்க போச்சு? உங்களுக்குப் பூச்சி பெருசு. எனக்கு என் பொண்ணு. ஒண்ணு பெத்திருந்தா தெரியும்."

"என்னங்க இது" என்று தங்கை முணுமுணுத்தாள். கண்ணாடியக்கா பெட்டியை மூடவில்லை, எடுக்கவும் இல்லை. திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கண்ணை மூடிக் கும்பிட்டபோது, வழக்கமாகக் கேட்பதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த விளக்கு நாசமாய்ப் போகட்டும் என்று கேட்டாள். கேட்டதும் வெட்கமாக இருந்தது. ஆனால் கோபம் தணியவில்லை. கடையில் லைன்மேன் சொன்ன அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு தேய்த்ததில் ஒரு லென்ஸ் ஓரம் சிதறிப் போயிற்று. "என்னம்மா, கண்ணாடிமேல இவ்வளவு கோபம்?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். "கண்ணாடிமேல இல்லைங்க" என்றாள். அடுத்த லென்ஸை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்தியில் பாலத்துக்குப் போனபோது தூண்டிலை எடுத்துப் போகவில்லை. பையில் ஒரு கல் இருந்தது. தண்ணீர் சலசலக்கும் இடத்திலிருந்து எடுத்த, கைக்கு அடங்கும் உருண்டைக் கல். எடுத்த கல்லைத் திருப்பி வைக்காமல் வந்தது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

கம்பத்தடியில் நின்றாள். கீழே வளைவிலிருந்து பூச்சிகள் எழத் தொடங்கியிருந்தன. ஆற்றின்மேல் ஏறி இறங்கி ஆடின. விளக்கு பட்டென்று எரிந்தது. கொஞ்ச நேரத்துக்குள் ஆட்டம் குலைந்தது. யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் கூட்டம் முழுவதும் பாலத்துப் பக்கம் சாய்ந்து ரோட்டில் இறங்கிற்று.

அவள் கல்லை ஓங்கினாள்.

அப்போது பாலத்தின் மறுமுனையில் காலடி கேட்டது. ஓர் அடி அழுத்தம், ஓர் அடி லேசு. அழுத்தம், லேசு. முறிந்து கூடிய காலின் நடை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்துத் தங்கை மகள் வந்துகொண்டிருந்தாள். நடை நடுவே நின்றது. அவள் தலையிலிருந்த வேலைத் தொப்பியைக் கழற்றிக் கீழே குனிந்து, பூச்சிகளை அதில் ஒதுக்கி அள்ளி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஆற்றில் உதறினாள். இரண்டடி நடந்து மறுபடி குனிந்தாள். உடையாத காலில் பாரம் போட்டுத்தான் அவளால் குனிய முடிந்தது.

கல் கண்ணாடியக்காவின் கையிலேயே நின்றது.

"யாரு, பெரியம்மாவா? மிதிக்காம நடக்கவே முடியல பெரியம்மா, பாவம்." கிட்டே வந்தவள் கல்லைப் பார்த்தாள். அப்புறம் விளக்கைப் பார்த்தாள். "அது எதுக்கு?"

பெரியம்மாவுக்குப் பொய் வரவில்லை. "உடைக்கலாம்னு."

"உடைச்சுட்டு? நாளைக்கு நான் தடவித் தடவி வரணுமா?" பெண்ணின் குரல் உயர்ந்தது. "நேத்து வீட்ல நடந்ததெல்லாம் அம்மா சொன்னா. அப்பா உன்னைப் பேசினது அசிங்கம். ஆனா நீ கல்லைத் தூக்கறதும் அதே அசிங்கம்தான். எனக்காகன்னு அவர், பூச்சிக்காகன்னு நீ. என்னைக் கேட்டீங்களா ஒருத்தராவது? எனக்கு நடைபாதை தெரிஞ்சாப் போதும். ரோடும் ஆறும் பளபளக்கணும்னு நான் எப்பக் கேட்டேன்?"

போனை எடுத்தாள். "அப்பா, ஏணி எடுத்துக்கிட்டுப் பாலத்துக்கு வா. எண்ணெய் டின் ஒண்ணு, தகரம் வெட்டற கத்திரி. ஆமா, இப்பவே. இல்ல, விழல. நீ வரலைன்னா விழுந்தாலும் விழுவேன்."

லைன்மேன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். கண்ணாடியக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன வேணுமாம் உங்க பெரியம்மாவுக்கு?" என்று மகளிடம் கேட்டார்.

"ரோட்டைப் பார்க்கச் சொல்லு உங்க அப்பாவை," என்றாள் கண்ணாடியக்கா. ஆற்றில் மீன் தேட அணியும் கறுப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தாள். தண்ணீரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடி, அவளே லென்ஸ் பொருத்தியது. "போட்டுக்கிட்டுத் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கச் சொல்லு. முதல்ல ஆறு, அப்புறம் ரோடு. அந்த மினுக்கத்தை வச்சுத்தான் பூச்சி தண்ணியைக் கண்டுபிடிக்குது."

"போட்டுப் பாருப்பா," என்று மகள் அவர் மூக்கில் மாட்டிவிட்டாள்.

அவர் ஆற்றைப் பார்த்தார். தலையை நிமிர்த்தினால் மினுக்கம் அணைந்தது, சாய்த்தால் திரும்ப வந்தது. ரோட்டைப் பார்த்தார். நிமிர்த்தினார், சாய்த்தார். மறுபடி ஆற்றைப் பார்த்தார். மறுபடி ரோடு.

"தாரும் தண்ணியும் ஒரே மாதிரி மின்னுதேடி," என்றார். அவர் செருப்பைச் சுற்றிலும் பூச்சிகள் வயிற்றைத் தாரில் தொட்டுத் தொட்டு எழுந்தன. தொட்ட இடமெல்லாம் கடுகைவிடச் சிறிய மஞ்சள் பொட்டுகள். அவர் காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒற்றைக்காலில் நின்றார்.

பிறகு உட்கார்ந்து டின்னை வெட்டினார். விளக்கைச் சுற்றித் தகரம் மறைத்து, கீழே நடைபாதைக்கு மட்டும் வழி விட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். "ஆபீஸ்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்," என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். ஏணியைச் சாய்த்தார். புதுத் தாரில் ஏணிக்கால் வழுக்கியது. மகள் பிடிக்க வந்தாள்.

"நீ தள்ளு. உன் கால் தாங்காது," என்றாள் கண்ணாடியக்கா. கல்லைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள்.

மேலே ஏறியவர் தகரத்தை வளைத்துக் கட்டினார். வேலை பாதியில் நின்றது. "அக்கா," என்றார். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "நேத்து நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

"மன்னிச்சுடுங்க."

"அது இப்ப வேணாம் மாப்பிள்ளை. எனக்கு இன்னும் ஆறல. கம்பியை நல்லா முறுக்குங்க."

அவர் முறுக்கினார். வெளிச்சம் சுருங்கி நடைபாதைமேல் மட்டும் பாய் விரித்ததுபோல் படுத்தது. ரோடு கறுத்தது. ஆறும் கறுத்து, அந்தியின் கடைசி வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டது. பூச்சிகள் கொஞ்ச நேரம் தடுமாறின. சில தாரிலேயே கிடந்தன. பல எழுந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழே போயின. வளைவில் ஒரு மீன் வாயைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

மகள் வெளிச்சத்துக்குள் நடந்து பார்த்தாள். அழுத்தம், லேசு. "நல்லாத் தெரியுது பெரியம்மா!"

வழி தவறிய ஒரு பூச்சி கண்ணாடியக்காவின் புறங்கையில் வந்து உட்கார்ந்தது. அதை ஆற்றுப் பக்கம் ஊதிவிட்டாள். கையை எடுக்கவில்லை. லைன்மேன் இன்னும் மேலேயே இருந்தார். அவர்மேல் அவளுக்குக் கோபமும் அப்படியேதான் இருந்தது. கடைசிப் படியிலிருந்து அவர் கால் தரையில் படும்வரை ஏணியை அவள் விடவில்லை.