ஒரு கால் தொட்டியில்

"அந்த ஆள் எப்படிக் கிடந்தானாம்?" என்று பஞ்சாலை கேட்டாள்.

லோரியிலிருந்து குளியல் தொட்டியை இறக்கி, தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு அப்போதுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தான் அமிர்தலிங்கம். மனைவியின் கேள்வி அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எந்த ஆளு?"

"இதுல செத்தவன்."

"உனக்கு யாரு சொன்னா?"

"லோரிக்காரந்தான். போர்ட்டிக்சன் பங்களாவுல ஒரு துவான், பெரிய தொர, இதுலதான் போனான்னான்."

"ஹார்ட் அட்டாக் லா. வயசான மனுசன், நல்லா ஊத்திக்கிட்டு சுடுதண்ணியில எறங்குனா நெஞ்சு நிக்காம என்ன செய்யும்?"

"அதான், எப்படிக் கிடந்தான்?"

"ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. போதுமா? போயி தேத்தண்ணி கலக்கு."

பஞ்சாலை தேநீர் கலக்கினாள். ஆனால் அந்த ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்பது கரண்டியோடு சேர்ந்து அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இறங்கப் போனவனா, ஏறப் போனவனா? இறங்க விடாமல் தடுத்தது எது, இல்லை ஏற விடாமல் பிடித்தது எது?

அவர்கள் இருந்தது ரந்தாவுக்குப் பக்கத்துத் தோட்டம். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு ரப்பர்ப் பால் சேகரிக்கும் ஸ்டோரை மூடிவிட்டார்கள். அங்கே எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த அமிர்தலிங்கம் பழைய பம்புகளை வாங்கிப் பழுது பார்த்து விற்க ஆரம்பித்தான். பம்பு என்றால் அவனுக்குச் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லத் தெரியும். கரண்டும் அப்படித்தான் தெரியும் என்பது அவன் நினைப்பு. பங்களாவைக் காலி செய்தவர்கள் சுடுதண்ணீர் சுழலும் இந்த ஜக்குஸித் தொட்டியைத் தூக்கிப் போட இருந்தார்கள். இவன் கேட்டு வாங்கிவந்தான். சிரம்பானிலிருக்கும் மெய்யப்பச் செட்டியார் கடலோரம் வீடு கட்டி, வாரக் கடைசியில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு ஒரு தொட்டி வேண்டியிருந்தது.

"இத மட்டும் செட்டியாரு எடுத்துக்கிட்டாருன்னா, லுக்குட் டவுனுல ஒரு கடை பாத்துறலாம் பஞ்சால. இந்த லயத்த விட்டே போயிறலாம்."

"போறது நல்லதுதான். இதோட போகணுமா?"

"நீ பாக்கத்தான் போற."

பார்க்கத்தான் செய்தாள். குழாய்களுக்குள் கிளோரின் ஊற்றி ஊறவைத்தான். பச்சையும் கறுப்புமாகச் சளி போல ஒன்று வெளியே வந்து, சிமெண்டுத் தரை நாளெல்லாம் நாறியது. விரிசல்களைச் சுரண்டி, ஃபைபர் துணி ஒட்டி, மணல்தாள் போட்டுத் தேய்த்தான். பம்புக்குப் புது பேரிங் போட்டான். மஞ்சளித்துக் கிடந்த தொட்டி கார் மெழுகு போட்டுத் துடைத்த பிறகு தயிர்க் கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரை மட்டும் அவன் மாற்றவில்லை. சுண்ணாம்பு படிந்திருந்ததைக் கத்தியால் வழித்துவிட்டு, "நல்லாத்தான் சுடுது, எதுக்கு மாத்தணும்" என்றான்.

"அது என்ன, தனியா ஒரு பச்ச வயரு தொங்குது?" என்று பஞ்சாலை கேட்டாள்.

"அது எர்த்து வயரு. அதுக்கு இங்க சொருவ எடமில்ல. நம்ம லயத்து பாயிண்டுல ரெண்டு வயருதான். பங்களாவுலயும் எவனோ வெட்டித்தான் வச்சிருந்தான். அது இல்லாமலே ஓடும்."

தண்ணீர் நிரப்பி முதன்முதலாகச் சூடுபோட்ட அன்று, அவளைக் கூப்பிட்டான்.

"இங்க வா. கைய விட்டுப் பாரு, ராணி மாதிரி இருக்கும்."

துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் காலோடு வந்தாள். விரலைத் தண்ணீரில் வைத்தாள். சுருக்கென்று ஒன்று விரலில் ஏறி முழங்கை வரைக்கும் ஓடியது. கையை இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"என்ன?"

"கடிச்சுது."

"என்னா கடிச்சுது?"

"உள்ள இருந்து ஏதோ கடிச்சுதுங்க."

அமிர்தலிங்கம் முழங்கை வரை கையை விட்டு அளைந்து காட்டினான். "எங்க? எங்க கடிக்குது? துவான், எங்க இருக்கீங்க, என் பொண்டாட்டிய ஏன் கடிச்சீங்க?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

பஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அந்தச் சுருக்கு போகவில்லை.

பக்கத்து வீட்டு மயிலம்மாளிடம்தான் போய்ச் சொன்னாள். மயிலம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒனக்கு மட்டும் கடிக்குது. அவனுக்குக் கடிக்கல."

"ஆமாங்க்கா."

"அவன் கால்ல என்னா போட்டிருந்தான்?"

பஞ்சாலை யோசித்தாள். ஸ்டோரில் ஒரு தடவை கொதிக்கிற எண்ணெய் பாதத்தில் கொட்டிய நாளிலிருந்து அமிர்தலிங்கம் வேலை செய்யும்போது ரப்பர் சிலிப்பரைக் கழற்றுவதில்லை. வீட்டுக்குள் நுழையும்போதும் சாமி கும்பிடும்போதும்தான் கழற்றுவான்.

"சிலிப்பரு."

"அப்புறம் என்னாடி கேள்வி? செருப்பும் வௌக்கமாறும் இருக்கிற எடத்துல அது அண்டாது. வெறுங்காலுக்காரிய கண்டா விடுமா? போட்டுக்கிட்டுப் போயி தொட்டுப் பாரு, தெரியும்."

மறுநாள் அவன் மோட்டார் சைக்கிளில் லுக்குட்டுக்குச் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்துப் பஞ்சாலை தொட்டிப் பக்கம் போனாள். அவன் சூடு போட்டபடியே விட்டுப்போன தொட்டி தானாகவே மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அவனுடைய பழைய சிலிப்பரை மாட்டிக்கொண்டு விரலை வைத்தாள். வெதுவெதுப்பு. அவ்வளவுதான். சிலிப்பரைக் கழற்றி ஈரத்தரையில் காலை ஊன்றினாள். கை முன்னே போக மாட்டேன் என்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒற்றை விரல் நகத்தை மட்டும் வைத்தாள்.

சுருக்.

வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினாள். மயிலக்கா சொன்னது சரி. அது வெறுங்காலுக்குக் காத்திருக்கிறது. துவானும் வெறுங்காலோடுதான் இறங்கியிருப்பான், ஒரு கால் உள்ளே வைக்கிறவரை விட்டுப் பிடித்திருக்கும்.

அன்று சோறு போடும்போது கேட்டாள். "நீங்க அதுக்குள்ள எறங்கப் போறதில்லல்ல?"

"எறங்காம? ஞாயித்துக்கிழம செட்டியாரு வராரு. நான் உள்ள உக்காந்து காட்டுனாத்தான அவருக்கு நம்பிக்க வரும். செத்தவன் தொட்டின்னு அவருக்கும் தெரியும்."

"சிலிப்பரு போட்டுக்கிட்டே எறங்குங்க."

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்து அவளைப் பார்த்தான். "குளிக்கிற தொட்டிக்குள்ள சிலிப்பரோட எறங்குறதா? செட்டியாரு முன்னாடியா? ஒனக்கு என்ன புள்ள ஆச்சு?"

"எனக்கு ஒன்னும் ஆவல. உங்களுக்கு ஒன்னும் ஆவக்கூடாது."

"மயிலம்மா கிட்ட போனியா?"

பஞ்சாலை ரசத்தை ஊற்றினாள்.

"அந்தக் கெழவி வாயில வெத்தலையும் பேயும் ஒன்னாவே இருக்கும். சாப்புடு."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சூடு போட்டுவிட்டான். தொட்டிக்கு மேல் ஆவி ஆடியது. மெய்யப்பச் செட்டியாரும் அவர் மனைவி கல்யாணசுந்தரி ஆச்சியும் காரிலிருந்து இறங்கினார்கள். ஆச்சி கையில் தேங்காய், பூ, சூடம், மஞ்சள் தண்ணீர்ச் செம்பு எல்லாம் இருந்தன.

"என்ன ஆச்சி, கோயிலுக்குப் போற வழியா?" என்றான் அமிர்தலிங்கம்.

"கோயிலுக்கு இல்லப்பா, இதுக்குத்தான். இன்னொருத்தர் புழங்குன சாமான், அதுவும் மோசம் போன வீட்டுச் சாமான். சூடம் காட்டாம எங்க வீட்டு வாசல்ல எறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"சொன்னா கேக்க மாட்டா," என்றார் செட்டியார். "மொதல்ல அது முடியட்டும். அப்புறம் நீ எறங்கிக் காட்டு."

தேங்காயை உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் சிமெண்டில் ஓடின. சூடம் ஏற்றும்போது செட்டியார் செருப்பைக் கழற்றினார், ஆச்சி கழற்றினாள், அமிர்தலிங்கமும் சிலிப்பரைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவன் வெறும் பாதம் ஈரத்தில் பதிந்ததைப் பஞ்சாலை பார்த்தாள். எண்ணெய் பட்ட தழும்பு வெயிலில் மினுமினுத்தது.

"என்னங்க," என்றாள்.

"இரு."

ஆச்சி ஒரு செம்பருத்தியை எடுத்து, குனிந்து தண்ணீரில் விட்டாள். விட்ட கை வெடுக்கென்று பின்னால் வந்தது. முகம் ஒரு கணம் கோணி, மறுபடியும் ஒன்றும் நடக்காத மாதிரி ஆனது. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

தான் துடைத்ததும் அப்படித்தான் என்பது பஞ்சாலைக்கு ஞாபகம் வந்தது.

"சரி, பாருங்க செட்டியாரே," என்று அமிர்தலிங்கம் கைலியை மடித்துக் கட்டினான். தொட்டி விளிம்பைப் பிடித்தான். ஒரு காலை ஈரத்தரையில் ஊன்றி, மற்றதைத் தூக்கினான்.

ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய.

கத்தலாம் என்றுதான் நினைத்தாள். கத்தினால் திரும்பிப் பார்ப்பான், பார்த்துக்கொண்டே காலை வைப்பான். பஞ்சாலை சமையற்கட்டுக்குள் ஓடினாள். சுவரில் இருந்த மெயினை அமுக்கிக் கீழே இறக்கினாள். அதுவும் போதாது என்று ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுப்பு மேடையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. வெளியே தொட்டியின் முனகலும் நின்றது.

அவள் உள்ளேயே நின்றாள். வெளியே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

"என்னா இது, கரண்டு போச்சு?"

அவன் குரல்தான். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வெளியே வந்தவள் கையில் ஃபியூஸைப் பார்த்ததும் அமிர்தலிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. கணுக்கால் வரைக்கும் ஒரு கால் நனைந்திருந்தது.

"என்ன காரியம் பண்ற? பெரிய மனுசங்க முன்னாடி. போடு அத."

"சிலிப்பர மாட்டுங்க. அப்புறம் போடுறேன்."

"பஞ்சால, மானத்த வாங்காத."

"மானத்த லுக்குட்ல போயி வாங்கிக்கலாம். மாட்டுங்க."

செட்டியார் வேட்டியைச் சரி செய்துகொண்டே எங்கேயோ பார்த்தார். ஆச்சிதான் பேசினாள், மெல்ல.

"அவளத் திட்டாதப்பா. பூ போடையில என் கையையும் என்னமோ இழுத்துச்சு. நல்ல காரியத்துல சொல்ல வேணாம்னு வாய மூடிக்கிட்டேன்."

"ஒங்களையுமா ஆச்சி?" என்றாள் பஞ்சாலை.

"தோள் வரைக்கும் ஆத்தா. இன்னும் மரத்துக் கெடக்கு."

அமிர்தலிங்கம் ஆச்சியின் காலைப் பார்த்தான். அவள் நின்ற ஈரத்தைப் பார்த்தான். தன் மனைவியின் காலைப் பார்த்தான். பிறகு ஓரத்தில் கிடந்த சிலிப்பரைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே போய் மாட்டிக்கொண்டான். கருவிப் பெட்டியிலிருந்து, கரண்டு இருந்தால் எரிகிற டெஸ்டரை எடுத்தான்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஆச்சி, செருப்ப மாட்டிக்குங்க. பஞ்சால, இப்பப் போடு."

"மாட்டேன்."

"சிலிப்பரு போட்டிருக்கேன் பாரு. காலத் தூக்கிக் காட்டவா? தண்ணியில கை வைக்க மாட்டேன். டெஸ்டர் மொனைய மட்டும் வைக்கிறேன். போடு தாயி."

தாயி என்று அவன் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போய்ப் போட்டாள். போட்டுவிட்டு, மெயினிலிருந்து கையை எடுக்காமல், சன்னல் வழியாகப் பார்த்தாள்.

தொட்டி மறுபடியும் முனக ஆரம்பித்தது. அவன் டெஸ்டர் முனையைத் தண்ணீரில் வைத்து, கட்டைவிரலால் மேலே தொட்டு, வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. செட்டியாரும் எட்டி நின்றபடி தலையை நீட்டினார்.

"எரியுதாப்பா?"

"எரியுது."

"தண்ணியிலயா?"

"தண்ணியிலதான் செட்டியாரே. முழுத் தண்ணியிலயும்."

பஞ்சாலை மெயினை இறக்கினாள். யாரும் சொல்லவில்லை, இறக்கினாள். ஃபியூஸையும் மறுபடி பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"அந்த துவான்," என்று செட்டியார் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. போகும்போது காரின் கண்ணாடியை இறக்கி, "ஹீட்டரு, வயரு எல்லாம் புதுசா மாத்தி, படிச்ச ஒயர்மேனு ஒருத்தன் பாத்துக் குடுக்கட்டும். அப்புறம் சொல்லு, வாரேன்," என்றார். ஆச்சி பஞ்சாலையின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. இந்த வீட்டில் மட்டும் இல்லை. மயிலம்மாள் வேலிப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னாடி, ஃபியூஸ் போச்சா?"

"போவலக்கா. மடியில இருக்கு."

"தொட்டியில இருந்தது போச்சா?"

"போவல. அது பேயி இல்லக்கா. கரண்டு."

மயிலம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "எதுவா இருந்தா என்னா. செருப்புக்குப் பயந்துச்சா இல்லியா?"

பஞ்சாலை வீட்டுக்குள் திரும்பினாள். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் அமிர்தலிங்கம் நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹீட்டரைக் கழற்றிப் பார்த்திருந்தான். அதன் குழாயில் தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவன் தரையில் காலை வைக்கவில்லை.

"தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"சோறு?"

வேண்டாமென்று தலையை ஆட்டினான். "பஞ்சால," என்றான்.

"என்னங்க."

"கால் நனஞ்சுச்சு. நீ எறக்குன நேரமும் நான் கால வச்ச நேரமும்... எது முந்திச்சுன்னு எனக்குத் தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. மடியிலிருந்த ஃபியூஸைத் துணிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிச்சு வாங்க. படுங்க."

அவன் தரையைப் பார்த்தான். வெறும் சிமெண்டு, காய்ந்த சிமெண்டு. அப்படியும் கால் இறங்கவில்லை.

பஞ்சாலை வாசலுக்குப் போனாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டிச் செருப்பு உள்ளே வந்ததில்லை, வர அவள் விட்டதும் இல்லை. அவனுடைய சிலிப்பரை எடுத்துவந்து, சாமி படத்தைத் திரும்பிப் பார்க்காமல், நாற்காலிக்குக் கீழே நேராக வைத்தாள்.

"போட்டுக்கிட்டே வாங்க," என்றாள்.