வால்பாறைக்குப் போன ஒட்டுப்போர்வை

பஸ் கூரையிலிருந்து ஒரு கோழிக்கூடையை இறக்கப்போய் வழுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார் டிரைவர் தேவசுந்தரம். சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸை அவரைப்போல விரட்ட ஆள் கிடையாது. கையைக் காட்டிக்கொண்டு ஓடிவருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தபடியே கியரை மாற்றிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இப்போது கட்டிலில் படுத்து, சுவரில் போகும் பல்லியோடு பேசிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சுந்தரபாய் பள்ளிக்கூட டீச்சர். வால்பாறை எஸ்டேட்டில் வேலைபார்க்கும் அவள் தம்பி யோவானுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அங்கே குளிர் அதிகம் என்று, பழைய சேலைத் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, ஒரு ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்தாள். பரீட்சைத் தாள்கள் வந்ததும் வேலை பாதியில் நின்றது.

"அதை இங்கன கொண்டாட்டி. ஒரே மூச்சுல முடிச்சுத் தாரேன்" என்றார் தேவசுந்தரம்.

சாயங்காலம் வந்து பார்த்தவள் தலையில் கைவைத்தாள். ஒவ்வொரு தையலும் விரல் நீளம். பஞ்செல்லாம் ஒரு பக்கமாகத் திரண்டு, போர்வைக்கு நிறைமாத வயிறு வந்திருந்தது.

"என்னங்க, இது பச்சப்பிள்ளைக்கு. கால்விரல் தையலுக்குள்ள மாட்டிக்கிடும். பிரிச்சிட்டுப் பொடிசாத் தைங்க."

"எல்லாத்தையுமா பிரிக்கணும்?"

பிரித்தார். ஊசி குத்தியது, ஊசியைத் திட்டினார். நூலில் முடிச்சு விழுந்தது. நூல் விற்ற கடைக்காரனைத் திட்டினார். எவ்வளவு திட்டியும் முடிச்சு அவிழவில்லை. நகத்தால் மெல்ல நெருடித் தளர்த்திய பிறகுதான் அவிழ்ந்தது. ஒருநாள் மத்தியானம், யாரையும் திட்டாமலே ஒரு வரிசை முழுவதையும் தைத்துவிட்டதைக் கண்டு அவருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

ஆள் வந்தால் மட்டும் போர்வையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். கண்டக்டர் சங்கரசுப்பு பார்க்க வந்த அன்று அவசரத்தில் கட்டில் ஓரத்திலேயே விட்டுவிட்டார். சங்கரசுப்பு அதன்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான்.

"எம்மா! அண்ணாச்சி, கட்டில்ல என்னத்த வளக்கிய?"

ஊசி வெளியே வந்தது, விஷயமும் வந்தது. மறுநாளே இரண்டு டிரைவர்கள் வந்து நின்றார்கள். கேலி பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்று தேவசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்களோ தயங்கித் தயங்கி, பித்தான் அறுந்த காக்கிச் சட்டைகளை நீட்டினார்கள்.

"வீட்ல கேட்டா ஏச்சு விழுது அண்ணாச்சி…"

ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த யோவான், சனிக்கிழமை மத்தியானம் ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பினான். பஸ் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். கடைசி ஓரத்தை மடித்துத் தைத்து, பல்லால் நூலைக் கடித்து, "இந்தா மாப்ள!" என்று தேவசுந்தரம் போர்வையைத் தூக்கினார். கூடவே அவர் கைலியும் தூக்கிக்கொண்டது.

"அத்தான்!" யோவான் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

மடியில் வைத்துத் தைத்ததில் போர்வையோடு கைலியையும் சேர்த்துத் தைத்திருந்தார். வாசலில் ஹாரன் கேட்டது. சுந்தரபாய் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதட்டி! பிள்ளை போர்வையில என் கைலியில்லா தொங்கும்? பிரிச்சிருதேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏலே சங்கரசுப்பு, பஸ்ஸைக் கொஞ்சம் நிப்பாட்டுலே!"

"அண்ணாச்சியா நிப்பாட்டச் சொல்லுதிய?"

பஸ்ஸே சிரித்தது. துணிமூட்டையோடு இருந்த கடையநல்லூர் மைமூனம்மாள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "அன்னைக்கு ஒருநாள் நான் மூட்டையோட ஓடிவந்தேனே, எனக்கு நின்னீராவே?"

தேவசுந்தரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கோவிச்சுக்கிடாதிய உம்மா. தப்புத்தான்" என்றார், தலையை நிமிர்த்தாமல். கை மட்டும் பதறவில்லை. நெருக்கமாகத் தைத்த தையல். ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அவர் பிரிக்கப் பிரிக்க, சுந்தரபாய் பின்னாலேயே தைத்துக்கொண்டு வந்தாள்.

"பைய பிரியும். கிழிச்சுப்போடாதேயும்" என்றாள் மைமூனம்மாள். சங்கரசுப்பு விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றான்.

யோவான் போர்வையோடு ஏறினான். பஸ் போய்விட்டது. தேவசுந்தரம் வெறும் கட்டிலைத் தடவிப் பார்த்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"ஏட்டி, உன் கல்யாணப் பட்டு ஓரத்துல லேசாக் கிழிஞ்சுதான கெடக்கு?"

சுந்தரபாய் நேரே உள்ளே போய் பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.