பிணத்துக்கு ஒரு வசனம்

மூச்சடக்கியக்கா செத்துச் செத்துத்தான் பிழைக்கிறாள். இதை அவளிடமே சொன்னாலும் சிரிப்பாள், தொழிலே அதுதானே. வாரம் ஒரு கொலை நடக்கிற துப்பறியும் தொடரில் கொலையாகிறவள் பெரும்பாலும் அவள்தான். ஒரு வாரம் மாடிப்படியில் உருண்டு சாவாள், அடுத்த வாரம் காப்பியில் விஷம், அதற்கடுத்த வாரம் குளியல் தொட்டி. முடியை மாற்றி, கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டால் ஊருக்கு அடையாளம் தெரியாது. தெருவுக்கு மட்டும் தெரியும். பாதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் காய்கறிக் கடையில், "நேத்து ரொம்ப நல்லா செத்தீங்கக்கா" என்று பாராட்டும் கிடைக்கும்.

இரண்டு நிமிஷம் நெஞ்சு அசையாமல் கிடப்பாள். பட்டப்பெயர் அப்படி வந்தது. இருபத்திரண்டு வருஷமாக நடிக்கிறாள், கேமராவுக்கு முன்னால் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கணவர் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திவிட்டு வருகிற மனுஷன் வீட்டிலாவது ஓய்வார் என்று பார்த்தால், அங்கே வந்துதான் சொந்தக் கதையை அவிழ்ப்பார். அக்காவின் பங்கு "ம்" மட்டும். அதுவும் மூச்சு விடுகிற இடத்தில்.

இதெல்லாம் அவளுக்குப் பெரிய குறையாக இருந்ததில்லை. குறை என்றால் ஒரே ஒரு அட்டைதான்.

நடிகர் சங்கத்தில் இரண்டு அட்டை உண்டு. நீல அட்டைக்காரர்களுக்கு ஓட்டு உண்டு. மஞ்சள் அட்டைக்காரர்கள் கூட்டத்துக்கு வரலாம், பின்வரிசையில் உட்காரலாம். கை தட்டலாம், கை தூக்கக் கூடாது. மஞ்சள் நீலமாவதற்கு விதி ஒன்றுதான்: கேமரா ஓடும்போது, கதையில் எழுதப்பட்ட ஒரு வசனத்தையாவது பேசியிருக்க வேண்டும். "வாங்க" என்றால்கூடப் போதும். ஆனால் பிணத்தை வைத்து யார் "வாங்க" சொல்ல வைப்பார்கள்?

இந்த நேரம் பார்த்து வேலைநிறுத்தப் பேச்சு கிளம்பியது. தயாரிப்புக் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு பத்தியைச் செருகியிருந்தன. சுற்றிலும் நாற்பது கேமரா வைத்த கூண்டு ஒன்று வந்திருக்கிறது. அதில் ஒருவரைப் பத்து நிமிஷம் நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு ஆளைக் கூப்பிடாமலே கம்ப்யூட்டர் அவரை நடக்க வைக்கும், கூட்டத்தில் நிறுத்தும், வேண்டுமானால் சாகடிக்கும். பத்தியை எடுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலை கிடையாது என்று சங்கம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு.

வேடிக்கை என்னவென்றால், கூண்டுக்குள் முதலில் போகப் போகிறவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் அட்டை. ஓட்டுப் போடப் போகிறவர்களில் பாதிப் பேர், "நம்ம மூஞ்சியை எவன் காப்பி எடுக்கப் போறான், எதுக்கு வம்பு?" என்று காலாட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அறிவித்த கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை கை தூக்க வேண்டும், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமாவது.

வியாழக்கிழமை படப்பிடிப்பில் மேனேஜர் அவளைத் தேடி வந்தார், சிரித்துக்கொண்டே. அவர் சிரித்தால் எவருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

"என்னக்கா, நீல அட்டை வேணும்னு சொல்லிட்டிருந்தீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"சுவருக்கும் காது இருக்கு. நாளைக்கு ஒரு சீன் போட்டுடலாம். வீட்டுக்காரம்மா. கதவைத் திறந்து, 'யாரு வேணும் உங்களுக்கு?' மூணு வார்த்தை. போதுமா?"

மூச்சடக்கிக்கே மூச்சு வாங்கியது.

"அப்படியே இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து," என்று மேனேஜர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "பத்து நிமிஷம் கூண்டுல நின்னுட்டு வந்தாப் போதும். ஒரு தடவை செத்தா காலத்துக்கும் சாகலாம்க்கா. இடுப்பு வலி கிடையாது, குளிர் கிடையாது."

"யோசிச்சுச் சொல்றேன்."

"நாளைக் காலைல ஏழு மணிக்குள்ள யோசிச்சுருங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்வதற்கு, கண்டக்டர் ஒரு குடிகாரப் பயணியைப் பற்றிய கதையை முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"அட, கையெழுத்துப் போட்டுட்டு வசனத்தை வாங்கிக்க வேண்டியதுதானே? சும்மா நிக்கறதுக்குக் கசக்குதா?" என்றார் அவர்.

"போட்டா எனக்கு ஓட்டு வரும். அந்த ஓட்டை எதுக்குப் போடப் போறேன்? யாரும் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு ஓட்டுப் போட. நானே போட்டுட்டு வந்து அதைச் சொன்னா காறித் துப்ப மாட்டாங்க?"

கண்டக்டர் வாயைத் திறந்தார், மூடினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான் என்று பக்கத்து வீட்டில் சத்தியம் செய்கிறார்கள். சுவர் மெல்லியது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்.

"அப்ப வசனம் போச்சே?" என்றார் கடைசியில்.

"போனாப் போகுது."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேப்பரை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். மேனேஜரின் சிரிப்பு நின்றது. கதவைத் திறக்கும் சீன் காற்றோடு போயிற்று. வழக்கம்போல் அவளைப் பிணவறை செட்டில், இரும்பு மேஜைமேல் படுக்க வைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். வேலைநிறுத்தம் வந்துவிட்டால் எப்போது முடிப்பது என்று அன்றைக்கே எல்லாக் காட்சிகளையும் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பிணத்தின் பக்கத்தில் நின்று பேச வேண்டியவர் இன்ஸ்பெக்டர். பத்து வருஷமாக அதே வேஷம். கடையில் தக்காளி வாங்கினாலும் கடைக்காரரைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். வசனம் எளிது: "கொன்னவன் வெளியாள் இல்ல. இந்த வீட்டுச் சாவி வச்சிருக்கறவன்." அன்று அவர் புத்தி ஞாயிற்றுக்கிழமைமேல் இருந்தது போலிருக்கிறது. "இந்த வீட்டுச் சாவு வச்சிருக்கறவன்" என்றார்.

கட். மறுபடி. "இந்த வீட்டுச் சாவு..." கட். தண்ணீர் குடித்தார், தோளைக் குலுக்கினார், கண்ணை மூடித் தனக்குத்தானே பத்துத் தடவை சரியாகச் சொல்லிப் பார்த்தார். கேமரா ஓடியதும் சாவுதான் வந்தது. ஒன்பதாவது தடவை லைட் போடுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மேஜையின் குளிர் அக்காவின் முதுகெலும்பு வழியாகக் கழுத்துக்கு ஏறியது. பதினோராவது தடவை.

"கொன்னவன் வெளியாள் இல்ல. இந்த வீட்டுச் சாவு..."

"சாவு இல்ல தம்பி, சாவி!" என்று பிணம் சொன்னது. "இந்த வீட்டுச் சாவி வச்சிருக்கறவன்! இதுல என்ன கஷ்டம்?"

டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார். ஒப்பனைப் பெண் கையிலிருந்த பவுடர் டப்பாவைக் கீழே போட்டாள். அக்காவே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வெடித்து, கூரையில் தொங்கின விளக்கெல்லாம் ஆடியது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது, ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அக்கா, கேமரா ஓடிட்டிருந்துது. தெளிவாப் பதிவாயிருக்கு."

எழுதின வசனம், ஓடின கேமரா: அக்காவுக்கு நீல அட்டை ஞாபகம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அதை அழிச்சுடுங்க," என்றார் மேனேஜர்.

"டைரக்டர் சொன்னா அழிப்பேன்," என்றார் ஒலிப்பதிவுக்காரர். டைரக்டர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவுக்காரர் எடுத்துக் கொடுத்த பதிவோடு சாயங்காலமே சங்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே செயலாளர், தொடர்களில் கொடுமைக்கார மாமியாராக வருகிற அம்மாள். நேரில் தங்கமான மனுஷி, விதி என்று வந்தால் மட்டும் மாமியார். பதிவைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதைப் படத்துல வைக்க மாட்டாங்களேம்மா."

"படத்துல வரணும்னு விதியில இருக்கா?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

"ஆனா நீ பொணமாச்சே. செத்தவங்க பேசறது எப்படி வசனமாகும்?"

"உயிரோட இருக்கணும்னு விதியில இருக்கா?"

மறுபடி புரட்டினார். அதுவும் இல்லை. எழுதினவர்களுக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்திருக்க நியாயமில்லை.

"சரி. ஆனா அது அந்த இன்ஸ்பெக்டரோட வசனம். உனக்கு எழுதினது இல்ல. அவர் ஆட்சேபிச்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

இது தலையில் இடி. சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் நின்றபோது, அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் வசனத்தை மறந்துட்டேன், ஒரு பொணம் எடுத்துக் குடுத்துச்சுன்னு எழுதித் தரணுமா? ஊர் சிரிக்காது?"

ஏற்கெனவே சிரித்தாயிற்று என்று அக்கா சொல்லவில்லை. அவள் தெருவைப் பார்த்தாள், அவருடைய செருப்பைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் பிணமாகப் படுத்துக்கொண்டு எத்தனையோ கதாநாயகர்களின் வசனத்தைக் கேட்டவள். எந்த ஆளுக்கு எந்த வசனம் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியாதா?

"மறந்தீங்கன்னு யாரு எழுதச் சொன்னா தம்பி? விட்டுக்குடுத்தீங்கன்னு எழுதுங்க."

"விட்டுக்குடுத்தேனா?"

"பெரிய நடிகருங்கதான் அப்படிச் செய்வாங்க. சின்ன ஆளுங்களுக்கு ஏது மனசு?"

கதவு முழுசாகத் திறந்தது. காப்பி வந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல பேனாவைத் தேடி எடுத்து, இரண்டு பக்கத்துக்கு எழுதினார். கலைக்காக, சக கலைஞரின் உரிமைக்காக, தன் வசனத்தைத் தானே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக அதில் இருந்தது. பதினோரு தடவை விட்டுக்கொடுக்கப் பார்த்தார் என்பதை மட்டும் அடக்கத்தால் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. அக்கா புத்தம்புது நீல அட்டையோடு, ஓட்டுள்ளவர்கள் பகுதியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். கை தூக்கினால் எண்ணுவதில் தகராறு வருகிறது என்று, இந்தத் தடவை அட்டை எண்ணைக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் எழுந்து வாயால் சொல்ல வைத்தார்கள். முதலில் "வேண்டாம்" வரிசையாக வந்தது. அப்புறம் இன்ஸ்பெக்டர் எழுந்து, "சக கலைஞர்களுக்காக... வேலைநிறுத்தம்!" என்று கையை உயர்த்தி முழங்கினார். விட்டுக்கொடுத்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு சின்ன மனசுக்காரர் என்று பேர் வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. வேலைநிறுத்தம், வேலைநிறுத்தம் என்று வந்துகொண்டே இருந்தது.

பாதிக்கு மேல் தாண்டியதும் செயலாளர் தாளை மடித்தார். "தீர்மானம் ஜெயிச்சாச்சு. மிச்சம் பத்துப் பேர்தான். நேரமாகுது, இதோட முடிச்சுக்கலாமா?"

"முடியாது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "என் நம்பரைக் கூப்பிடுங்க!"

அத்தனை தலையும் திரும்பியது. வாசலில் நின்றிருந்த கண்டக்டர், இது யார் குரல் என்று கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தார்.

செயலாளர் தாளை மறுபடி விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விடுபட்ட பத்து எண்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கடைசி எண் வந்தது. அக்கா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, மண்டபத்தின் மறுகோடிக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"வேலைநிறுத்தம்."

உட்காருவாள் என்று பார்த்தார்கள். உட்காரவில்லை.

"இன்னும் ரெண்டு விஷயம் சொல்லணும்," என்றாள்.