சிரங்கூத்து, எம். புதுப்பட்டி வழி

“எங்க ஊர் பேரைப் போடுங்க,” என்றாள் வேல்விழி.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜாஸ்பின் தட்டுவதை நிறுத்தினாள். திருத்தங்கலில் அந்த அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் படிப்பைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வார்கள். தாய்மாமன் பேர் விட்டுப்போயிற்று என்று சண்டை பிடிப்பார்கள். கல்யாணப் பெண்ணே வாயைத் திறந்து ஒன்று கேட்பது அபூர்வம்.

“ஊர் பேரு இருக்குல்லக்கா. எம். புதுப்பட்டி.”

“அது பக்கத்து ஊரு. எங்க ஊரு சிரங்கூத்து.”

பக்கத்தில் இருந்த மாரித்தாய் மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பஸ்ஸில் வரும்போதே மூன்று தடவை சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். எதை வேணாலும் கேளு, அதை மட்டும் கேட்டுறாத. எதிர் நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பா சோலைச்சாமி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மாப்பிள்ளை புகழேந்தி செல்போனைப் பார்த்தான். ஐப்பசியில் பூ வைத்தாயிற்று, தையில் கல்யாணம்.

சிரங்கூத்து என்கிற பேர் இதுவரை எந்தப் பத்திரிகையிலும் அச்சானதில்லை. கரிசல் காட்டுக்கு நடுவில், ஒரு சுண்ணாம்புப் பாறையின் இடுக்கிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் கசியும் இடம் அது. கிட்டப் போனால் கூமுட்டை வாடை அடிக்கும். அந்தக் காலத்தில் உடம்பெல்லாம் சிரங்கு வந்தவர்களை வண்டி கட்டிக் கொண்டுவந்து அங்கே விடுவார்கள். ஒரு மண்டலம் குளித்தால் ஆறிவிடும் என்பது நம்பிக்கை. ஆறத்தான் செய்தது. கூட்டிப்போகத்தான் ஆள் வரவில்லை.

வேல்விழியின் அப்பாவுக்குத் தாத்தா காரியாபட்டிப் பக்கத்துக்காரர். அண்ணன்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறான். இருபதே நாளில் உடம்பு சுத்தமாகி, மனுஷன் சந்தோஷமாக நடந்தே ஊருக்குப் போனார். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, “அங்கனயே இருந்துக்கோ,” என்றானாம். அவர் திரும்பி நடந்து வந்து பாறைக்கு மேற்கே குடிசை போட்டார். இப்படி வந்து சேர்ந்தவை பதினோரு குடும்பம். காட்டு வேலை பார்த்தார்கள். பிறகு தீப்பெட்டி ஆபீஸ், அதற்குப் பிறகு பட்டாசுக் கம்பெனி. கையில் காசு வந்தது, காரை வீடு வந்தது. பேர் மட்டும் போகவில்லை. பஸ் கண்டக்டர்கூட அந்த ஸ்டாப்பை “வளைவு, வளைவு” என்றுதான் கூவுவார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதற்குப் பத்திரிகை அடித்தாலும் எம். புதுப்பட்டி. பெண் பார்ப்பதும் பூ வைப்பதும்கூடப் புதுப்பட்டிக் கோயிலில்தான்.

வேல்விழியின் அக்கா சுப்புத்தாயை அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்பது வருஷமாக அவள் தாய்வீட்டுக்கு வரும்போது புதுப்பட்டியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெண்டு கிலோமீட்டர் வெயிலில் நடக்கிறாள். வளைவில் இறங்குவதைப் புருஷன் ஊர்க்காரர் எவராவது பார்த்துவிட்டால்? அந்த நடையைப் பார்த்துப் பார்த்துத்தான் வேல்விழிக்குக் கோபம் வளர்ந்தது.

அந்த ஊரில் முதல் பட்டம் அவளுடையது, வேதியியல். கல்லூரிக்கு ஒரு பாட்டில் ஊத்துத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தாள். கந்தகம் கலந்த தண்ணீர். சிரங்குக் களிம்பில் இருப்பதும் கந்தகம்தான். அதையே மூட்டை மூட்டையாக இறக்கி, பட்டாசாக்கி, வட்டாரமே சோறு தின்கிறது. கம்பெனியில் இருந்தால் அது சரக்கு. அவள் ஊர்ப் பாறையில் கசிந்தால் மட்டும் கேவலம்.

“எதுக்கும்மா அதெல்லாம்,” என்றார் சோலைச்சாமி. “புதுப்பட்டின்னா பஸ் ஏறி வர்றவுகளுக்கு லேசா இருக்கும்.”

“கல்யாணம் மண்டபத்துல நடக்குது மாமா. எங்க ஊருக்கு யாரு பஸ் ஏறி வரப்போறாக?”

மாரித்தாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா சங்கிலிமுத்து அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “அது ஏதோ விளையாட்டுக்குப் பேசுது சம்பந்தி. அங்கன ஒரு ஊத்து கெடக்கு. நம்ம வீடு அதுக்கு ரொம்பத் தள்ளி.”

“நம்ம வாசல்ல நின்னு கல்லெறிஞ்சா ஊத்துல விழும்ப்பா,” என்றாள் வேல்விழி. “மாமாகிட்டப் போயி எதுக்கு மறைக்கீக? மாமாவுக்கு நம்ம ஊத்து நல்லாத் தெரியும். மாசம் ரெண்டு தடவ வர்றாக. பச்ச டி.வி.எஸ்., ரெண்டு நீலக் கேனு. இல்லையா மாமா?”

உள்ளே அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சோலைச்சாமி சட்டையின் கையை மடித்துவிட்டார். முழங்கை வரைக்கும் கறுத்துத் தடித்த தோல்.

“பட்டாசு மருந்துக் கலவையில இருபத்தெட்டு வருஷம்,” என்றார். “அந்தத் தண்ணியில குளிச்சாத்தான் எனக்கு அன்னைக்குத் தூக்கம். பொண்ணு பாக்க வரும்போதே தெரியும் சம்பந்தி. இவன் அம்மாவுக்கும் தெரியும்.”

மாரித்தாயின் கை மகளின் தொடையை விட்டது. “தெரியுமா?” என்றாள். “தெரிஞ்சுதான் பூ வச்சீகளா?” பூ வைத்த நாளிலிருந்து கண்ணை மூடினாலே சம்பந்தி வீட்டார் ஊத்துப் பக்கம் வந்து நிற்கிற மாதிரி பயந்து விழித்தவள் அவள். ஜாஸ்பினின் மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை மாரித்தாய் கேட்காமலேயே எடுத்துக் குடித்தாள். வாயைத் துடைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. “அட மனுசங்களா. அப்ப இன்னும் என்ன? போட்டுருவோம் சம்பந்தி, பிள்ள ஆசப்படுது.”

சோலைச்சாமி சிரிக்கவில்லை. “அது வேற தாயி. நமக்குள்ள தெரிஞ்சிருக்கறது வேற, அச்சடிச்சு ஊர் ஊராக் குடுக்கறது வேற. எனக்கும் பங்காளிக இருக்கானுக.”

“தண்ணி வேணும், பேரு வேணாம்,” என்றாள் வேல்விழி.

“ஏ புள்ள,” என்றார் சங்கிலிமுத்து. அதில் பழைய அதட்டல் இல்லை.

வேல்விழி புகழேந்தியின் பக்கம் திரும்பினாள். கெட்டவன் இல்லை. மேலே படிக்கிறாயா என்று அவனாகவே கேட்டவன். அதனால்தான் அவனிடம் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“நீங்க சொல்லுங்க. போடலாமா, வேணாமா?”

அவன் அப்பாவைப் பார்த்தான், ஜாஸ்பினைப் பார்த்தான். “கல்யாணம் முடியட்டும் வேலு. அப்புறம் நீ எங்க வேணாலும் எழுதிக்கோ.”

“எங்க எழுத? பிள்ளையத் தூக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் நடப்பேனே, அந்த ரோட்டுலயா?”

“கோவத்துல முடிவெடுக்காத.”

“கோவத்துல எடுக்கல. பஸ்ல வரும்போதே எடுத்தாச்சு. நீங்க போடச் சொல்லியிருந்தா தையில கல்யாணம். சொல்லலைன்னா பத்திரிகையே வேணாம். ஆறினவுக ஊருங்க எங்க ஊரு. நோவு தீந்து நடந்து போனவன உள்ள விடாதவன்தான் வெக்கப்படணும், எங்க ஆளுக இல்ல.”

புகழேந்தி செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். மூச்சை இழுத்து விட்டான். அவனுக்கும் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் தெரிந்தது. சோலைச்சாமி எழுந்து துண்டை உதறினார். “வாலே,” என்று மகனைக் கூப்பிட்டுவிட்டு, வாசல் வரை போனவர் நின்றார்.

“ஏம்மா, தண்ணிக்கு வரலாம்ல?”

“வாங்க மாமா. ஊத்துக்கு எவன் கதவு போட்டான்? எங்க போறன்னு வழியில யாராவது கேட்டா மட்டும் பேரச் சொல்லிட்டு வாங்க.”

அவர் தலையை ஆட்டினார். டி.வி.எஸ். கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மாரித்தாய் அழுவாள் என்று வேல்விழி எதிர்பார்த்திருந்தாள். அழவில்லை. “இனிமே எவனுக்குப் பயந்து எதை மறைக்கணும்?” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சங்கிலிமுத்து மேசைக்கு அருகே போய் நின்றார்.

“பாப்பா, ஒரே ஒரு தாளு. அந்தப் பேரப் போட்டு அடிச்சுக் குடு. எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“நாலு வருசமா இங்கன இருக்கேன் அண்ணாச்சி. அந்தப் பேர ஒரு தடவகூட அடிச்சதில்ல,” என்றாள் ஜாஸ்பின். “மாப்பிள்ளை பேரு?”

“எடுத்துருங்க,” என்றாள் வேல்விழி.

தாள் சூடாக வெளியே வந்தது. சங்கிலிமுத்து விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘சிரங்கூத்து, எம். புதுப்பட்டி வழி, சங்கிலிமுத்து – மாரித்தாய் மகள் வேல்விழி, பி.எஸ்ஸி.’ இரண்டாம் தடவையும் படித்தார். மாரித்தாய் பையைத் திறந்து, முதல் பத்திரிகைக்கென்று குழைத்து எடுத்து வந்திருந்த மஞ்சளை வெளியே எடுத்தாள். தாளின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள்.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது வேல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றாகப் பசித்தது. இந்த மூன்று மாதத்தில் இப்படிப் பசித்ததில்லை.

“மஞ்சள் காயட்டும் புள்ள, மடிச்சா ஒட்டிக்கிடும்,” என்றார் அப்பா.

“நீங்க காய வச்சுக் கொண்டுவாங்க. நான் முன்னால போயி பஸ்ஸ நிறுத்துறேன்,” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.