பிக்கப்

மெக்கானிக்கின் மனைவி ஓட்டும் ஸ்கூட்டருக்குப் பிக்கப் இல்லை. இதைவிட அவனுக்கு வேறு அவமானம் வேண்டியதில்லை.

பெரிய சிக்னலில் பச்சை விழுந்ததும் எல்லா வண்டிகளும் பறக்கும். அவளுடையது மட்டும் அரைத்தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி யோசித்து யோசித்துக் கிளம்பும். பின்னால் நிற்கும் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. போன மாதம்தான் சாவியை நம்பி அவளிடம் கொடுத்திருந்தார்கள். காலையில் போய்த் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ஷட்டர் முன்னால் நின்று அவள் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் வீட்டுப் பக்கம் முதல் பஸ் வருவதற்குள் அங்கே பாதிக் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியைப் பிரித்தான். பெல்ட் மூடிக்குள் இருந்த ரோலர்களை எடுத்தான். விரல்கணு அளவு உருளைகள். கனமாக இருந்தால் வண்டி நிதானமாகக் கிளம்பும். லேசாக இருந்தால் துள்ளும். பழையதைப் பார்க்கக்கூட இல்லை, டப்பாவில் போட்டான். லேசானதை மாட்டித் தெருமுனை வரை ஓட்டினான். வண்டி அம்பாகப் பாய்ந்தது.

"இனிமே லாரிக்காரன் உன் புகையத்தான் பாக்கணும்," என்றான்.

கிரீஸ் அப்பிய முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டான். "எப்படிப் போகுது?"

"பரவால்லங்க."

"பரவால்லன்னா?"

"சிக்னல்ல மட்டும் இன்னும் கொஞ்சம் திணறுது."

அவன் முகம் தொங்கிப்போனது. ரோலரை இன்னும் லேசாக்கினான். கிளட்ச் ஸ்பிரிங்கை இறுக்கமானதாக மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவினான். அவன் ஓட்டினால் பாய்ந்தது. அவள் ஓட்டினால் அழுதது.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு இது போதாதா? "ஏன் மாப்ளே, ஊரான் வண்டியெல்லாம் பறக்குது, வீட்டு வண்டி நொண்டுதே. பேசாம என்கிட்ட விடு. காத்தடிச்சே ஓட வைக்கிறேன்."

"நீங்க முதல்ல உங்க பஞ்சர ஒட்டுங்க மாமா."

ஒரு சாயங்காலம் அவள் வந்து பையை வைத்தாள். "சாவியத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"இன்னைக்கு லாரி நம்பர் பிளேட்ட உரசிடுச்சு. எனக்கு வண்டி சரிப்படலங்க. பஸ்லயே போய்க்கிறேன். வேற யாராவது திறக்கட்டும்."

காய் வாங்கவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் சாவிக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் பொறு," என்றான்.

மறுநாள் காலை, பழுதுக்கு வந்த பைக் ஒன்றை எடுத்துக்கொண்டு அவளுக்குத் தெரியாமல் பின்னால் போனான். சிக்னலில் அவளுக்கு நேர் பின்னால் நின்றான். ஸ்கூட்டரின் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. பிரேக்கைப் பிடித்திருக்கிறாள், சரி.

பச்சை விழுந்தது. எஞ்சின் கத்தியது. வண்டி நகர்ந்தது. விளக்கு அணையவில்லை. சாலையின் மறுபக்கம் போய்ச் சேரும்வரை அணையவே இல்லை.

அவள் ஷட்டரைத் தூக்கி எல்லோரையும் உள்ளே அனுப்பும்வரை காத்திருந்தான். பிறகு ஸ்கூட்டரின் பின்சக்கரப் பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. விரலை உதறிக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் அவள்.

"என்னங்க இங்க?"

"பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே ஏன் ஓட்டுற?"

அவள் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "விட்டா பாயுதுங்க. முன்னாடி நிக்கிறவங்க மேலயே ஏறிடும் போலிருக்கு."

"எப்பலேர்ந்து?"

"நீங்க முதல்ல பிரிச்சீங்களே, அன்னையிலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல."

"ஞாயித்துக்கிழமை பூரா சோறு தண்ணி இல்லாம செஞ்சீங்க. முடிச்சுட்டுச் சிரிச்சீங்க வேற. எப்படிச் சொல்றது?"

அவள் பயந்து பிரேக்கைப் பிடிக்க, வண்டி திணறியிருக்கிறது. திணறுகிறதென்று அவன் முடுக்க, அவள் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பிரேக் பிடிக்கும் அவளுடைய இடது கையைப் பார்த்தான். விரல் மடிப்புகள் காய்த்துப்போயிருந்தன.

உள்ளே ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "அம்மா, புருஷன் பொஞ்சாதி பேச்ச அப்புறம் வச்சுக்கங்க. பசி காதை அடைக்குது."

அவள் உள்ளே ஓடினாள்.

கடைக்குத் திரும்பியதும் டப்பாவைக் கவிழ்த்துப் பழைய ரோலர்களைத் தேடி எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். எல்லாம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. உருள வேண்டியது உருளவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவ்வளவுதான் கோளாறு. வேறு யார் வண்டியாக இருந்தாலும் முதலில் இதைத்தான் பார்த்திருப்பான்.

சாயங்காலம் அவள் வண்டியோடு வந்ததும், பழைய எடையிலேயே புதிய ரோலர்களைப் போட்டான். பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினான். பிரேக் கட்டையை மாற்றினான்.

"இப்ப பறக்குமா மாப்ளே?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"பறக்காது மாமா. கிளம்பும்."

இந்த முறை அவன் ஓட்டிப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியை அவளிடம் நீட்டினான். "நீ ஓட்டிட்டு வா. எனக்காக நல்லாருக்குன்னு சொல்லாத."

தெருவைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். தயங்கினாள்.

"சொல்லு."

"கிளம்பும்போது ஒரு சின்ன உதறல் இருக்குங்க."

அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்தான். கிளட்ச் கட்டை தேய்ந்து வழவழவென்று மின்னியது; அது வழுக்கித்தான் உதறியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். அவள் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள்.

காலையில் அதே சிக்னல். அவளுக்குத் தெரிந்தேதான் பைக்கில் பின்னால் நின்றான். பின்விளக்கு சிவப்பாக எரிந்தது.

பச்சை.

விளக்கு அணைந்தது. அவள் கிளம்பினாள். முதலாவதாக இல்லை, நாலு வண்டிகளுக்குப் பிறகுதான். ஆனால் லாரி எதுவும் அவளை நெருக்கவில்லை. திருப்பம்வரை அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றவன் முதுகில் ஹாரன் அலறியது.

"யோவ், வண்டில பிக்கப் இல்லையா?" என்றான் லாரிக்காரன்.